உதட்டுப் பேச்சு

என் தம்பி பொண்டாட்டிக்கு அவள் வேலை பார்க்கிற மில்லில் இரண்டு பட்டப்பெயர்கள் உண்டு. கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவள் பெயர் ரேடியோ. அப்புறம் ஊமைப்படம் ஆகிவிட்டாள். ரேடியோ எப்படி ஊமைப்படம் ஆனது என்று மில்லில் யாரைக் கேட்டாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்படி மென்று விழுங்கத் தெரியாது. நான் தையல்காரி. நாள் முழுக்கக் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கும், வாய் மட்டும் சும்மாதான் கிடக்கும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோவாக இருந்த காலத்தில் அவள் பேசாத பொருள் கிடையாது. பால் பொங்கினால் பாலைத் திட்டுவாள். கதவு கிறீச்சிட்டால், "உனக்கு என்னடா இப்போ?" என்று கதவைக் கேட்பாள். என் தம்பி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பெரும்பாலும் ரோட்டிலேயே கிடப்பான். "வீட்டுக்கு வந்தா காதுக்கு ஓவர்டைம்கா" என்று என்னிடம் சலித்துக்கொள்வான். சலிப்பெல்லாம் வெறும் நடிப்பு, முகத்தில் பூரிப்பு வழியும்.

முதலில் ஒரு பையன் பிறந்தான். அவனை மடியில் போட்டுக்கொண்டு அவள் பேசுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. "இப்ப அம்மா துணி மடிக்கிறேன்டா ராசா. இது அப்பா சட்டை. பாரு, பொத்தானைக் காணோம். எங்கே போச்சு பொத்தான்?" என்பாள். அவன் முகத்தையே பார்த்துக் காத்திருப்பாள். அவன் "ங்கா" என்பான். "அப்படியா! லாரியிலயே விழுந்துருச்சா?" என்று வாயைப் பிளப்பாள். அவன் இன்னொரு 'ங்கா' சொல்வான். இப்படியே ஒரு சட்டையை மடிக்க அரைமணி நேரம் ஆகும்.

"ஏண்டி, அவனுக்கு என்ன புரியும்னு இப்படி உயிரை விடறே?" என்று நான் சிரித்தேன்.

"புரியறதுனால பேசலை அண்ணி. பேசறதுனாலதான் புரியும்" என்றாள். என் தம்பி மனைவிக்கு நான் அண்ணி.

சொன்னது பொய்யில்லை. அந்தப் பையன் உட்காரப் பழகும்போதே, கேள்வி எது, கோபம் எது, கொஞ்சல் எது என்று ராகத்தை வைத்தே பிடித்துக்கொள்வான். பதிலுக்கு அவனும் ராகம் போடுவான். சொல் வரவில்லை என்பதுதானே தவிர, அரட்டை நன்றாகவே நடந்தது.

ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சல் வந்து போய்விட்டான். மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டான் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நான் ஓடிப்போய்க் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பினேன். அவள் அழவில்லை, பேசவும் இல்லை. வேலைக்குப் போனால் சரியாகிவிடுவாள் என்று எல்லோரும் சேர்ந்து அவளை மறுபடியும் மில்லுக்கு அனுப்பிவைத்தோம்.

மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் நிற்பது தறிக்கூடத்தில். அத்தனை தறிகளும் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே போடாமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், உன் நாத்தனார் எப்படி இருக்கிறாள், எல்லாமே உதட்டில்தான். கூடத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் வம்பு போகும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் எல்லோருக்கும் குரல் திரும்பிவிடும். என் தம்பி பொண்டாட்டிக்கு மட்டும் திரும்பவில்லை. "மில் வாயை வீட்டுக்கே கொண்டு வந்துட்டாக்கா" என்று தம்பி போனில் சொன்னான். காலம் ஆற்றும் என்றேன். வேறென்ன சொல்வது.

பிறகு ஒரு பெண் பிறந்தது. அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. இனி ரேடியோ பாடிவிடும் என்று நினைத்தோம். பாப்பாவைக் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. கடை, வயிற்றுப்பாடு, தூரம் என்று எனக்கு நாள் ஓடிவிட்டது. அவளுக்கு மூன்று வயது நெருங்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, பாப்பா பேச மாட்டேங்குதுக்கா."

காது நன்றாகக் கேட்கிறதாம். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "பேச்சு வந்த பிறகு கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பி ஒரு முடிவு செய்திருந்தான்.

"உன்கூட அனுப்பிடறேன்கா. உன் கடைக்கு நாள் பூரா ஆள் வருது, பேசுது. நீயும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிற ஆள் இல்ல. உன்கிட்ட விட்டா சுவர்கூடப் பேசும்."

"அவ என்னடா சொல்றா?"

"அவ என்ன சொல்றான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி சொன்னதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது, அதை மறைக்க என்ன இருக்கிறது. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவர்கள் வீடு மில்லின் பின்சுவரை ஒட்டிய வரிசையில் இருக்கிறது. முன்னறை, பின்னறை, ஓரமாகச் சமையலறை. தறிகளின் அதிர்வு தரை வழியாக வந்துகொண்டே இருக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும். வந்த புதிதில் அது பல்லுக்குள் கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கதவைத் திறந்தது பாப்பாதான். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைய ஆரம்பித்தது. ஏதோ ஒரு சொல் இல்லை. நீளமாக, நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, ஒரு பெரிய மனுஷி விசாரிக்கிற மாதிரி பேசினாள். சத்தம் மட்டும் துளிகூட வரவில்லை.

பின்னாலேயே அவள் அம்மா வந்தாள். அவள் உதடும் அசைந்தது. மகள் பதில் சொன்னாள். இரண்டு பேரும் என் காலைப் பார்த்தார்கள். தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

"ரெண்டு பேரும் என்னைத்தான் கிண்டல் பண்றீங்கன்னு தெரியுது. வாயைத் திறந்து பண்ணுங்கடி!" என்றேன்.

"செருப்பு ரெண்டும் வேற வேற ஜோடியாம், அண்ணி" என்றாள் அவள், அடைத்துப்போன ஒரு தணிந்த குரலில். பெரியவர்களிடம் தேவைக்கு அந்தக் குரல் வரும். குனிந்து பார்த்தேன். அவசரத்தில் ஒன்று கறுப்பும் ஒன்று பழுப்புமாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பிள்ளை மந்தம் என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கை அறுக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

ஆனால் அன்று சாயங்காலமே வேறொன்றையும் பார்த்தேன். முற்றத்தில் ஓடும்போது பாப்பா தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். வாயைக் கோணிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள், கண்ணீர் கொட்டியது, யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போய், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்ற அம்மாவைச் சுற்றிக்கொண்டு, அவள் கண்ணுக்கு முன்னால் போய் நின்றாள். அதற்கப்புறம்தான் உதட்டை அசைத்தாள். கிணற்றில் விழுந்தாலும் இந்தப் பிள்ளை கூப்பிடாதே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மில்லுக்குப் போய்ப் பார்த்தேன். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்காக அங்கே ஒரு பிள்ளைகள் அறை இருக்கிறது. புண்ணியவான்கள் அதைத் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டியே கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அதே தறியில் காலம் முழுக்க நின்றவள், காது போய்விட்டது. அவளும் உதட்டால்தான் பேசுகிறாள், பிள்ளைகளும் உதட்டால்தான் பதில் சொல்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அம்மாக்கள் வாசலுக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் "அம்மா!" என்று காது கிழியக் கத்திக்கொண்டு ஓடியது. பாப்பா மட்டும் சுவரோரமாக நின்று, அம்மா தன் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் ரெண்டு பேச்சு! மில்லுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு! இதுக்கு ஒண்ணுதான்!" என்று ஆயா எனக்குக் கேட்கட்டும் என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் பாப்பாவை ஏற்கனவே காட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாப்பாவோடு விளையாடிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இவளுக்கு மொழி நல்லாவே இருக்குங்க. உதட்டைப் பாருங்க, முழுசு முழுசாப் பேசறா. முகம் பார்த்து யாரோ நிறையப் பேசியிருக்காங்க. சத்தத்தை மட்டும் தன்னோடது இல்லைன்னு ஒதுக்கி வச்சிருக்கா. ஏன்னு எனக்குப் பிடிபடலை."

"நான் பேசிப் பேசியே வரவச்சிடறேன், விடுங்க."

"பேசுங்க, நல்லதுதான். ஆனா சுத்தி இருக்கிறவங்க பேசறது இவளுக்கு மழைச் சத்தம் மாதிரி. தன்னைப் பார்த்து, தன்கிட்ட சொல்லி, பதிலுக்குக் காத்திருக்கணும். இவளுக்கு அந்த ஆள் அம்மாதான். அவங்க குரல் கொடுத்தா வழி பிறக்கும். இந்த வயசு போயிட்டா ரொம்பக் கஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் தம்பி பொண்டாட்டியைப் பிடித்துப் பாப்பாவுக்கு எதிரே உட்காரவைத்தேன். "சோறு சாப்பிட்டியான்னு கேளு. சும்மா, சத்தமா கேளு." அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாப்பா பொறுமையாக உதட்டாலேயே பதில் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "தொண்டையில என்ன, கல்லா கட்டி வச்சிருக்கே? பெத்த புள்ளைகிட்ட பேசறதுக்கு உனக்கு என்னடி கேடு?" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம். அவள் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு நான் முன்னறையில் கொஞ்சம் தலையைச் சாய்த்தேன். பின்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எழுந்துட்டியா? என் கண்ணு எழுந்துருச்சா? வெயிலைப் பாத்தியா, ஜன்னல் கம்பி வழியா உள்ளே வந்துருச்சு. பிடிப்போமா? ம்?"

பழைய ரேடியோ. அதே ராகம், அதே குழைவு. பேசிவிட்டாள், மகராசி, மகளிடம் பேசிவிட்டாள் என்று எழுந்து ஓடினேன்.

பின்னறை வாசற்படியில் பாப்பா எனக்கு முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியது பாப்பாவிடம் இல்லை. உத்தரத்தில் தொட்டில் மாட்டுகிற கொக்கி இருக்கிறது. அதில் தொட்டில் இல்லை, சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருக்கிற காலி இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பிடிக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஒரு 'ங்கா' சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு, "அப்படியா!" என்று சிரித்தாள்.

பேசியதைவிட அந்தக் காத்திருப்புதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த நேரத்தில் அலமாரி டம்ளர்கள் நடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் என்னையறியாமல் பதிலுக்குக் காது கொடுத்தேன்.

துணியை வைக்கத் திரும்பியவள் மகளைப் பார்த்தாள். அந்த நொடியே குரல் நின்றது. பொத்தானை அழுத்தி ரேடியோவை நிறுத்தினால் இப்படித்தான் நிற்கும். உதடு மட்டும் அசைந்து மகளிடம் ஏதோ கேட்டது. மகளின் உதடு பதில் சொன்னது. நான் சத்தம் காட்டாமல் வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் மட்டும் வேலைக்குப் போனாள். பாப்பாவை நான் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். முன்னறையில் தம்பியின் கிழிந்த கால்சட்டைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னறையில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது.

"இது அப்பா சட்டை. பொத்தான் எங்கே போச்சு? ம்?"

தெளிவான, கணீரென்ற பிள்ளைக் குரல். ஊசி விரலில் ஏறியது, உறைக்கவே இல்லை. அந்தப் பையன் உயிரோடு இருந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பான். பாப்பாவின் குரலை நான் கேட்டதே இல்லையே, அதனால் அது அவன்தான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நம்பினேன். பட்டப்பகலில், வெயில் அடிக்கிற வீட்டில் நம்பினேன். கையில் இருந்த கால்சட்டையோடு அந்த அறைக்கு நடந்தேன்.

பாப்பா கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பா சட்டை. தலையை நிமிர்த்திக் காத்திருந்தாள். பிறகு, "அப்படியா!" என்றாள், அம்மாவின் ராகம் பிசகாமல்.

என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

நான் அவள் எதிரே தரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். "அத்தைகிட்டயும் அப்படியே பேசுடா தங்கம். எவ்வளவு அழகா இருக்கு!" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். மந்த புத்திக்காரிக்கு விளக்குகிற மாதிரி மெதுவாகச் செய்துகாட்டினாள். தொண்டையைத் தொட்டாள், மேலே கொக்கியைக் காட்டினாள். 'ராசாவுக்கு' என்றது உதடு. பிறகு தன் உதட்டைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டாள். 'எனக்கு.'

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை கவனித்திருக்கிறாள். அம்மாவின் கொஞ்சல் குரல் முழுக்க அந்த இடத்துக்குப் போகிறது, தன்னிடம் வரும்போது உதடு மட்டும் வருகிறது. இந்த வீட்டுச் சட்டம் அதுதான் என்று தானாகக் கற்றுக்கொண்டு, ஒழுங்காக நடந்துவந்திருக்கிறாள். குரலைத் தொட்டால் அண்ணன் சாமானைத் தொட்ட மாதிரி.

தம்பி பொண்டாட்டி வந்ததும் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உன் பொண்ணு பேசுதுடி. உன்னை மாதிரியே பேசுது. செத்துப்போனவன்கிட்ட மட்டும் பேசுது. அவகிட்ட நீ உதட்டைத்தானே குடுத்தே, சத்தத்தை எல்லாம் அவனுக்கே கொட்டிட்டியே!"

அவள் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த அடைத்த குரலில் சொன்னாள்.

"அன்னைக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்துச்சு அண்ணி. மடியில போட்டுக்கிட்டுப் பேசிட்டே இருந்தேன். பதில் வரலை. தூக்கக் கலக்கம்னு நெனச்சு அவன் பதிலையும் நானே சொல்லிக்கிட்டேன். சிரிச்சேன்கூட. பக்கத்து வீட்டுக்காரி வந்து தொட்டுப் பாத்துட்டு அலறினப்பதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் எவ்வளவு நேரம் பேசினேன்னு தெரியலை. கேக்கிறான்னுதான் பேசினேன்."

நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"வாயை மூடிட்டு இருந்திருந்தா அவன் மூச்சு மாறினது கேட்டிருக்கும்ல? என் சத்தம்தான் அதை அமுக்கிருச்சு. அதனாலதான் இவகிட்ட சத்தம் போடறதில்லை. இவ மூச்சு எனக்கு எப்பவும் கேக்கணும்."

"அப்போ அங்கே பேசறது?"

"அன்னைக்குப் பேச்சைப் பாதியில நிறுத்திட்டேன் அண்ணி. அவன் காத்திட்டு இருப்பான்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், இருவரும் அழுதோம். அழுது முடித்ததும் எனக்குப் பழையபடி கோபம் வந்தது. "இவ மூச்சு நல்லாத்தான் இருக்கு. இவளுக்கு வேண்டியது உன் சத்தம். அவனுக்குக் குடுத்தது போதும், இவகிட்ட பேசுடி" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினாள். மகள் முன்னால் போய் உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடுதான் அசைந்தது.

வார இறுதியில் தம்பி வந்தான். அவனும் கேட்டுப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், கடைசியில் ஓய்ந்துபோனான். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள பேச்சு வரணும்க்கா. நீ கூட்டிட்டுப் போ" என்றான். அவள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பாப்பாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அந்த மடிப்பின்போது பின்னறையில் எந்தக் குரலும் கேட்கவில்லை. போன் வந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் எங்கே போனதோ தெரியவில்லை. பெட்டியைத் தூக்கும்போது திருடிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

பஸ் நிலையத்தில் ஒரே இரைச்சல். எங்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, "போன் பண்ணு! என்ன? கேக்கலை!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவருக்கும் அந்தத் தொல்லையே இல்லை. மூடிய கண்ணாடியின் இரண்டு பக்கமும் உதடுகள் ஓய்வில்லாமல் பேசின. அவள் ஏதோ புத்தி சொன்னாள், மகள் சரி சரி என்றாள். ஒருமுறை இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்கூட. இந்த மாதிரி ஒரு அம்மாவையும் மகளையும் பிரிக்கிறோமே என்று இருந்தது எனக்கு. தம்பி பஸ்ஸின் முன்பக்கம் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ் உறுமியது. அந்த உதறலில் பாப்பா திரும்பி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மடியில் கிடந்த கைக்குழந்தையை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். பஸ் நகர்ந்தது. அவள் அம்மா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே கூட நடந்தாள். உதடு அசைந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் அவசரமாகக் கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். நடை ஓட்டமானது.

"கண்ணு!"

அந்தக் குரல் அவ்வளவு இரைச்சலையும் பிளந்துகொண்டு வந்தது.

"கண்ணு! அம்மாவைப் பாரு! இங்கே பாரு, கண்ணு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா திரும்பவில்லை. அவளுக்குக் கேட்டது. முகம் மலர்ந்தது, அந்தக் குரல் அவளுக்கு அவ்வளவு பழக்கம். எனக்கும் அவளுக்கும் நடுவில், இருக்கையில் கொஞ்சம் காலியிடம் இருந்தது. அந்தப் பக்கம் குனிந்து, கணீரென்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ராசா, அம்மா கூப்பிடறா பாரு. நீ போ. நான் அத்தைகூடப் போறேன்."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ் நின்றது. கண்டக்டர் திட்டினார். "இறங்கறேன்யா, இறங்கறேன், உன் பஸ்ஸை நீயே வச்சுக்கோ" என்று பாப்பாவை இடுப்பிலும் பெட்டியைக் கையிலும் இடித்துக்கொண்டு இறங்கினேன். ஜன்னலுக்கு வெளியே ஓடி வந்தவளுக்கு மகள் சொன்னது கேட்டிருக்கிறது. ரோட்டோரப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். பாப்பாவைக் கொண்டுபோய் அவள் முன்னால் இறக்கிவிட்டேன்.

அவள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதடு நடுங்கியது. ஒரு கணம் அது வெறுமனே அசைந்தது. பிறகு உடைந்துபோய், கரகரத்து, குரல் வந்தது.

"உன்னைத்தான். உன்னைத்தான்டி கூப்பிட்டேன்."

பாப்பா தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தாள். அங்கே நானும் பெட்டியும்தான் இருந்தோம். பெட்டிக்குப் பக்கத்திலும் பார்த்தாள்.

"அங்கே யாரும் இல்லைடா கண்ணு. அம்மா உன்கிட்டதான் பேசறேன். உனக்குத்தான்."

பாப்பா தன் நெஞ்சில் விரலை வைத்து உதட்டால் ஏதோ கேட்டாள். அவள் அம்மா பதில் சொல்லாமல், அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.

"எனக்கா?" என்று மறுபடியும் கேட்டாள் பாப்பா. இந்த முறை எனக்கும் கேட்டது.